கூட்டு யூனிவர்சல் கிரெடிட்: மனைவியின் பெயரில் நாங்கள் அறிவிக்காத சேமிப்பு இருக்கிறது, என்ன செய்வது?

ஹரோ தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பல ஆண்டுகளாக வாசித்து மட்டும் வந்தவன், இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறேன். மனைவி ஒரு பாடசாலைச் சமையலறையில் பகுதி நேரமாக வேலை செய்கிறார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வருமான வரித் திணைக்களம் தந்த உதவிப் பணமான ரக்ஸ் கிரெடிட்டைப் பல ஆண்டுகள் பெற்று வந்தோம். அது நிறுத்தப்படப் போவதால், அதற்குப் பதிலான மாதாந்த அரசு உதவிப் பணமான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் கடிதம் வந்தது. செப்டெம்பரில், கெடு முடிவதற்குள், இருவரும் கூட்டாக விண்ணப்பித்தோம். அன்றிலிருந்து 17 மாதங்களாக ஏறத்தாழ 920 பவுண்ஸ் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கிறது.

சென்ற வாரம் மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது, நான் அறியாத ஒரு வங்கியிலிருந்து மனைவியின் பெயருக்கு வந்திருந்த வட்டிக் கடிதம் கண்ணில் பட்டது. அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். விண்ணப்பித்த காலத்தில் அந்தக் கணக்கில் 18,200 பவுண்ஸ் இருந்ததாகச் சொன்னார். எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் அப்போது 1,100 அளவில் இருந்தது. அவருடையது பத்து ஆண்டுகளாகச் சீட்டுப் பிடித்தும், சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் சேர்த்த பணம் என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியாரின் பணமும் அதில் கலந்திருக்கிறதாம். “உங்களிடம் ஒளிக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான்” என்றார். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

17 மாதங்களை 920-ஆல் பெருக்கினால் 15,640 பவுண்ஸ் வருகிறது. அவ்வளவையும் திருப்பிக் கட்ட வேண்டுமா? வழக்குப் போடுவார்களா? எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவார்களா? மனைவிக்கு இன்னும் பிரித்தானியக் குடியுரிமை கிடைக்கவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்ற எண்ணமும், சொல்லாவிட்டால் நானும் இதில் பங்காளியாகிறேன் என்ற எண்ணமும் சேர்ந்து என்னை வதைக்கின்றன.

ரூட்டிங் கடைக்காரர் எழுதியது:

தம்பி, பயப்படாதீர்கள். எனக்குத் தெரிந்த பலர் செய்ததைச் சொல்கிறேன். பணத்தை மெதுவாக எடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள், அல்லது நம்பிக்கையான உறவினர் ஒருவரின் கணக்கில் போட்டுவிடுங்கள். கணக்கை மூடிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இராது. நீங்களே போய்ச் சொல்வது வாசலில் நிற்கும் வில்லங்கத்தை உள்ளே அழைப்பது போன்றது.

ஆலோசனைத் தொண்டர் எழுதியது:

ஹரோ தந்தை அவர்களுக்கு. நான் ஓர் ஆலோசனை நிலையத்தில் நீண்ட காலம் தொண்டாற்றி, இப்போது ஓய்வில் இருப்பவன். மேலே எழுதிய அண்ணர் உங்கள் நன்மையை எண்ணித்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அந்த யோசனையை முதலில் விலக்கிவிட வேண்டும். உதவிப் பணம் பெறுவதற்காகவோ கூட்டிப் பெறுவதற்காகவோ ஒருவர் தன் சேமிப்பைக் கைவிட்டால், அந்தப் பணம் இன்னமும் அவரிடம் இருப்பதாகவே கணக்கிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் யூனிவர்சல் கிரெடிட் விதிகளில் 50-ஆம் விதி சொல்கிறது. நியாயமான கடனை அடைப்பதும், குடும்பத்துக்குத் தேவையான பொருளை நியாயமான விலைக்கு வாங்குவதும் அதில் அடங்கா. உறவினர் கணக்குக்கு மாற்றினால் அடங்கும். அதோடு, இப்போது விளக்கக்கூடிய ஒரு தவறு, அதன் பிறகு யாராலும் விளக்க முடியாத ஒரு செயலாகிவிடும். மூடிய கணக்கின் வரவு செலவுக் கூற்றுகளும் வங்கியில் இருக்கும். வட்டி விவரங்களை வங்கிகள் வருமான வரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் அனுப்புகின்றன, அங்கிருந்து அவை உதவிப் பணம் பெறுவோரின் பெயர்களோடு ஒப்பிடப்படுகின்றன. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், யூனிவர்சல் கிரெடிட் வரும் கணக்குகளில் சேமிப்பு வரம்பு மீறப்பட்டதற்கான அறிகுறி இருந்தால் வங்கிகளே தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தால் கூட்டாகத்தான் விண்ணப்பிக்க முடியும், இருவரின் சேமிப்பும் ஒரே குவியலாகவே பார்க்கப்படும். கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது, மற்றவருக்கு அது தெரியுமா என்பவை இந்தக் கூட்டலில் இடம்பெறா. தனியாளுக்கு உள்ள அதே வரம்புதான் தம்பதிக்கும். 6,000 பவுண்ஸ் வரை பாதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்சுக்கும், அல்லது அதன் ஒரு பகுதிக்கும், மாதம் 4.35 பவுண்ஸ் வருமானம் வருவதாகக் கருதிக் கழிப்பார்கள். 16,000-ஐத் தாண்டினால் உரிமையே இல்லை. இந்த இரண்டு வரம்புகளும் 2006 ஏப்ரலில் பழைய உதவித் திட்டங்களுக்கு வைக்கப்பட்டவை. இருபது ஆண்டுகளாக விலைவாசி ஏறியபோதும் அவை ஏறவில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீடு வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் எளிய குடும்பங்களே இதில் அதிகம் சிக்குகின்றன. இதைப் பல ஆண்டுகள் நேரில் பார்த்த வருத்தத்தில் சொல்கிறேன்.

உங்கள் கதையில் என் கவனத்தை ஈர்த்தது ரக்ஸ் கிரெடிட்தான். ரக்ஸ் கிரெடிட்டுக்குச் சேமிப்பு வரம்பே இருக்கவில்லை. வட்டி முதலிய வருமானத்தில்கூட ஆண்டுக்கு முதல் 300 பவுண்சைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே உங்கள் மனைவி பல ஆண்டுகள் அந்தப் பணத்தை யாருக்கும் அறிவிக்காமல் இருந்ததில் எந்தத் தவறும் இல்லை. பிரச்சினை 2024 செப்டெம்பரில்தான் தொடங்குகிறது. அப்படி மாற்றக் கடிதம் பெற்றுக் கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. மாறும்போது சேமிப்பு 16,000-க்கு மேல் இருந்தால், முதல் 12 மதிப்பீட்டுக் காலங்களுக்கு (ஒவ்வொன்றும் ஒரு மாதம்) அந்த மேலதிகத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதாவது உங்களிடம் சரியாக 16,000 இருப்பதாகவே கருதி, மாதம் 174 பவுண்ஸ் மட்டும் கழிக்க வேண்டும். நீங்கள் இரண்டு கணக்கையும் கூட்டி 19,300 இருக்கிறது என்று அன்றே எழுதியிருந்தாலும் ஓராண்டுக்கு உதவிப் பணம் கிடைத்திருக்கும்.

இன்னொரு விதியைப் பலர் கேட்டதே இல்லை. சேமிப்பை அறிவிக்காததால் வந்த மேலதிகக் கொடுப்பனவை, அதாவது உரிமைக்கு மேல் கிடைத்த பணத்தை, கணக்கிடும்போது, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, அந்த மூன்று மாதங்களில் கூடுதலாகக் கொடுத்த தொகையைச் சேமிப்பிலிருந்து கழித்துவிட வேண்டும். உதவி கிடைக்காதிருந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்திருப்பீர்கள் என்பதே இதன் நியாயம். உங்கள் எண்களை வைத்து, சேமிப்பு கூடாமல் அப்படியே இருந்ததாகக் கொண்டு போட்டுப் பார்த்தேன். முதல் 12 மாதங்களுக்கு மாதம் 174 வீதம் 2,088. அதற்குள் 19,300 கணக்கில் 17,212 ஆகக் குறைந்திருக்கும். அது 16,000-க்கு மேல் என்பதால் 13, 14, 15-ஆம் மாதங்களுக்கு முழுத் தொகையும், அதாவது 2,760. பிறகு கணக்கில் 14,452 ஆகிவிடுவதால் கடைசி இரண்டு மாதங்களுக்கு 147.90 வீதம் 295.80. மொத்தம் 5,143.80 பவுண்ஸ். சிறிய தொகை என்று சொல்லவில்லை, ஆனால் நீங்கள் தூக்கம் கெட்டுப் பெருக்கிப் பார்த்த 15,640 அல்ல.

திருப்பிக் கட்டுவதிலிருந்து தப்ப முடியாது. பழைய திட்டங்கள் பலவற்றில், கேட்டவர் தவறாகச் சொன்னாலோ சொல்லாமல் விட்டாலோதான் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். யூனிவர்சல் கிரெடிட்டில் யார் பிழை என்றாலும் திருப்பிக் கேட்கலாம், இருவரிடமிருந்தும் கேட்கலாம். தண்டனை என்பது வேறு. அதற்கு ஒருவர் தெரிந்தோ நேர்மையின்றியோ நடந்தார் என்று காட்ட வேண்டும். அங்கே கணவனும் மனைவியும் ஒரே குவியல் அல்ல. ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருந்தது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், உண்மையாகப் பதில் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மனைவியின் பகுதியை நிரப்பியவர் யார்?

ஹரோ தந்தை எழுதியது:

ஐயா, உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டேன். ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.

நான்தான் நிரப்பினேன். அவருடைய பெயரில் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்குத் திறந்ததும் நான், இரண்டு கணக்கையும் இணைத்ததும் நான், கடவுச்சொல்லும் என்னிடம்தான் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் அரசாங்க ஆங்கிலம் என்றால் தயங்குவார். இரவு வேலைக்குப் போகுமுன் அவசரமாக நிரப்பினேன். சேமிப்பு, முதலீடு பற்றிய பகுதி வந்தபோது அவர் பக்கத்து அறையில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கேட்கவில்லை. அவரிடம் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பில் ‘இல்லை’ என்று குறித்தேன். ஒப்புதல் பகுதியையும் அவர் சார்பில் நானே அழுத்தினேன்.

ஆகவே நான் இங்கே எழுதிய முதல் கேள்வியே பிழையானது. அவர் அறிவிக்காமல் விட்டார் என்று எழுதினேன். அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

குரொய்டன் வாசகி எழுதியது:

சகோதரர் இதைத் திறந்து எழுதியதற்கு நன்றி. நம் குடும்பங்களில் இது எவ்வளவு பரவலாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனெனில் எனக்கும் நடந்தது. என் பெயரில் இருந்த சேமிப்பை என் கணவர் அறியாமல் விண்ணப்பம் போட்டார். நாங்கள் சொல்வதற்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. அதில் குறிப்பிட்டிருந்த விசாரணை சாதாரணச் சந்திப்பு அல்ல, எச்சரிக்கையின் கீழான விசாரணை. ஒலிப்பதிவு செய்வார்கள், நீங்கள் சொல்வது நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பார்கள். இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். சொலிசிற்றர், அதாவது சட்டத்தரணி, ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். நான் அதைக் கேட்காமல் போய், பாதி விளங்காமலே ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள், பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகவும் வேண்டாம்.

எங்கள் மேலதிகக் கொடுப்பனவு 4,200 பவுண்ஸ். வழக்குக்குப் பதிலாக அதில் பாதியை, 2,100 பவுண்சை, நிர்வாகத் தண்டமாக ஏற்கச் சொன்னார்கள். அந்தத் தண்டம் மேலதிகத் தொகையில் பாதியாக இருக்கும், 350-க்குக் குறையாது, 5,000-ஐத் தாண்டாது. ஏற்றுக் கையெழுத்திட்டாலும் 14 நாட்களுக்குள் மனம் மாறலாம் என்று பின்னர்தான் அறிந்தேன். நாங்களே முதலில் போய்ச் சொல்லியிருந்தால் பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று என் சொலிசிற்றர் சொன்னார்.

ஒன்று மட்டும் கணவன்மார் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். என் அம்மா 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய இரவில், பிள்ளைகளோடு மழையில் நடந்தவர். கட்டியிருந்த சேலை மடிப்பில் முடிந்து வைத்த இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும்தான் கிளிநொச்சியில் எங்களுக்குப் பல மாதம் சோறு போட்டன. அப்பாவுக்கு அந்தச் சங்கிலி இருப்பது அதுவரை தெரியாது. அவர் கோபப்படவில்லை, அழுதார். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கையில் தனக்கென்று ஒன்று வைத்திருப்பது களவாகத் தோன்றாது, கடமையாகத்தான் தோன்றும். இந்த நாட்டின் விதிக்கு அது விளங்காது. வீட்டில் இருப்பவருக்கு விளங்க வேண்டும். உங்கள் மனைவி ஏன் சேர்த்தார் என்று கேட்டீர்களா, சகோதரா? எவ்வளவு என்று மட்டும் கேட்டீர்களா?

ஈஸ்ட்ஹாம் பேரன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. தாலிக்கொடி, நகைகளும் சேமிப்பில் சேருமா? என் பாட்டி பெயரில் ஊரில் ஒரு காணியும் உண்டு. அதை அம்மாவுக்கு எழுதப் போகிறார்கள்.

ஆலோசனைத் தொண்டர் எழுதியது:

ஈஸ்ட்ஹாம் பேரனுக்குச் சுருக்கமாக: அணியும் நகை சொந்தப் பாவனைப் பொருள், அதைச் சேமிப்பாகக் கொள்ள மாட்டார்கள். காணி வேறு. அம்மாவின் பெயருக்கு வந்து, அவர் யூனிவர்சல் கிரெடிட் பெறுபவராகவும் இருந்தால், வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும். அந்த நாட்டின் சந்தை விலையில், விற்பனைச் செலவுக்கு 10 வீதமும் அதன் மேல் கடன் இருந்தால் அதையும் கழித்து மதிப்பிடுவார்கள். எழுதுவதற்கு முன் ஆலோசனை பெறுங்கள். பிள்ளையின் பெயரிலேயே பிள்ளைக்குச் சொந்தமாக உள்ள கணக்குப் பெற்றோரின் சேமிப்பில் சேராது. ‘மகளுக்காக’ என்று மனதில் நினைத்துத் தாய் தன் பெயரில் வைத்திருப்பது சேரும். இதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஹரோ தந்தைக்கு: நீங்கள் எழுதியது உங்கள் மனைவிக்கு மிக முக்கியமானது. கேள்வியையே பார்க்காத ஒருவர், தெரிந்துகொண்டு பொய் சொன்னார் என்று கூறுவது கடினம். உங்களைப் பொறுத்தவரை, கேட்காமல் விட்டது கவனயீனம். அது பிழைதான், ஆனால் நேர்மையின்மைக்கும் கவனயீனத்துக்கும் சட்டத்தில் பெரிய தூரம் உண்டு. கவனயீனமான தவறான தகவலுக்கு 50 பவுண்ஸ் தண்டம் விதிக்கலாம். நேர்மையின்மை நிறுவப்பட்டால் 1992-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் 111ஏ பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. மனைவி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள் என்பதால், விடயம் முதல் வகையில் நிற்பது உங்களுக்கு இரட்டிப்பாக முக்கியம். ஆனால் இந்தத் தூரம் இன்று வரைதான் உங்களுக்குச் சொந்தம். சேமிப்பு இருப்பது இப்போது உங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த மாதப் பணத்தையும் பேசாமல் வாங்கினால் அதைக் கவனயீனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே இன்றைக்கே இணையக் கணக்கில் மாற்றத்தை அறிவிக்கும் இடத்துக்குப் போய்ச் சேமிப்புப் பகுதியைத் திருத்துங்கள். ஜேர்னலிலும் (அந்தக் கணக்கில் அதிகாரிகளுக்குச் செய்தி எழுதும் பக்கம்) ஒரு குறிப்பு எழுதுங்கள்: எப்போது அறிந்தீர்கள், விண்ணப்பத்தை யார் நிரப்பினார், ரக்ஸ் கிரெடிட்டிலிருந்து மாறியவர்கள் என்பது, விண்ணப்பித்த நாளில் எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு இருக்கிறது. நீளமான நியாயங்கள் வேண்டாம். இருவரும் அவரவர் கணக்கிலிருந்து எழுதுங்கள். அறிவித்ததற்குச் சான்றாகத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். கவுன்சில் வரிக் கழிவு பெறுகிறீர்களானால் கவுன்சிலுக்குத் தனியாக அறிவிக்க வேண்டும்; அதற்குச் சேமிப்பு வரம்பு ஊருக்கு ஊர் வேறுபடும்.

தீர்மானக் கடிதம் வந்ததும் அந்த 12 மாதப் பாதுகாப்பும் மூன்று மாதக் கழிவும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சேர்க்கப்படாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை, அதாவது அவர்களே தீர்மானத்தை மீண்டும் பார்ப்பதை, கேளுங்கள்; அதிலும் சரிவராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கட்ட வேண்டிய தொகையை நீங்களே சேமிப்பிலிருந்து கட்டுவதை அது கடனடைப்பு என்பதால் சேமிப்பைக் கைவிட்டதாகக் கொள்ள மாட்டார்கள்.

ரூட்டிங் கடைக்காரர் எழுதியது:

ஐயா, நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இவ்வளவு விதி இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மாமியாரின் பணமும் கலந்திருக்கிறது என்று தம்பி முதலிலேயே எழுதியிருக்கிறார். அப்படியானால் முழுவதும் மாமியாருடையது என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடாதா?

ஆலோசனைத் தொண்டர் எழுதியது:

முழுவதும் என்று சொன்னால் அது பொய், ஒரு வயதான தாயையும் அந்தப் பொய்யில் கையெழுத்திட வைப்பதாகும். அதை நான் எந்த வடிவத்திலும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் கேள்விக்குள் ஒரு நல்ல விடயம் இருக்கிறது.

கணக்கில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதும் பணம் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பதும் இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டு கேள்விகள். ஒருவர் இன்னொருவருக்காகப் பணத்தை வைத்திருந்தால், அது வைத்திருப்பவரின் சேமிப்பு அல்ல. காணி, வீடு என்றால் எழுத்து வேண்டும். பணத்துக்கு எழுத்து மூலம் உடன்படிக்கை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சான்று வேண்டும். பணம் எந்த நாளில், எங்கிருந்து, எந்த வழியாக வந்தது, எதற்காகக் கொடுக்கப்பட்டது, இடையில் யாராவது அதிலிருந்து செலவழித்தார்களா, கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதா அல்லது கொடுத்தது கொடுத்ததுதானா. கடைசிக் கேள்விதான் தீர்மானிக்கும். தாய் மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த பணம் மகளுடையது. தாய் தன் வைத்தியத்துக்கென்று மகளிடம் பாதுகாப்பாக வைத்த பணம் தாயுடையது. நம் வீடுகளில் இந்த இரண்டையும் வாய்விட்டுப் பிரித்துச் சொல்லும் வழக்கம் இல்லை, அதுவே சிக்கல். அம்மாவும் மகளும் பேசி நினைவுபடுத்தட்டும். அவர்கள் பேசும்போது எந்த விடை இலாபம் என்று சொல்லிக்கொடுக்க யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

ஹரோ தந்தை எழுதியது:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

குரொய்டன் சகோதரியின் கேள்விக்கு முதலில் பதில். நான் கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டேன், அதையும் உரத்த குரலில். அன்று இரவு ஏன் என்று கேட்டேன். 2016-இல் எனக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். வாடகை ஒரு மாதமும் தவறவில்லை. என் அண்ணர் உதவியிருப்பார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது அவருடைய சீட்டுக் காசு. அந்தப் பணம் முழுவதும் போன பிறகு, இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் மீண்டும் தொடங்கிச் சேர்த்ததில்தான் இந்தக் கணக்கின் பெரும்பகுதி வந்தது. எனக்குச் சொன்னால் ஊரில் வீட்டைத் திருத்த அனுப்பிவிடுவேன் என்று நினைத்தாராம். அனுப்பியிருப்பேன்.

தொண்டர் ஐயா சொன்னபடியே அறிவித்துவிட்டோம். அவருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி அவரிடமே கொடுத்தேன். அவருடைய குறிப்பை அவரே தமிழில் எழுதி, மகள் சொல்லகராதியைப் பார்த்துச் சில சொற்களுக்கு உதவ, ஆங்கிலத்தில் தட்டினார். நான் என் பகுதியில், அவருடைய பகுதியையும் அவரைக் கேட்காமல் நான் நிரப்பினேன் என்று எழுதினேன். இருவரின் வங்கிக் கூற்றுகளையும் கேட்டிருக்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டோம்.

மாமியாரின் பணம் 7,000 என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. 19,300-இலிருந்து அதைக் கழித்தால் 12,300. அது 16,000-க்குக் கீழே என்பதால் உரிமை போகாது, மாதம் 113.10 மட்டும் கழியும், மூன்று மாதக் கழிவைச் சேர்க்காமலே 17 மாதத்துக்கு 1,922.70 என்று கணக்குப் போட்டு மனம் ஆறியிருந்தேன். மீதியை மனைவி தானே எழுத விரும்புகிறார். இது அவருடைய எழுத்து.

ஹரோ தந்தையின் கணக்கிலிருந்து, அவருடைய மனைவி எழுதியது:

வணக்கம். நீங்கள் எல்லோரும் எழுதியவற்றை இவர் எனக்கு வாசித்துக் காட்டினார், பிறகு நானும் வாசித்தேன். என்னைப் பற்றிப் பேசும் இடத்தில் நானும் ஒரு சொல் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவுடன் தொலைபேசியில் மூன்று நாட்கள் பேசினேன். 2019-இல் அப்பாவின் ஓய்வூதிய நிலுவையிலிருந்து எனக்கு இரண்டு தடவையாகப் பணம் வந்தது. முதலில் வந்த 5,500 பவுண்ஸ், அம்மாவின் கண் சிகிச்சைக்கும், அவர் சொன்னபடி, ‘கடைசிச் செலவுக்கும்’ என்று என்னிடம் வைக்கச் சொன்னது. அதில் நான் ஒரு சதமும் தொடவில்லை, அனுப்பிய பற்றுச்சீட்டும் அவரிடம் இருக்கிறது. இரண்டாவதாக வந்த 1,500-ஐயும் நான் அம்மாவின் பணம் என்றே மனதில் எண்ணி வந்தேன். அம்மாவைக் கேட்டபோது, “அது உனக்குத் தந்தது பிள்ளை, உன் பிறந்தநாளுக்கு” என்றார். அவருக்கு எந்த விடை எங்களுக்கு நல்லது என்று தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆகவே 7,000 என்று எழுதவில்லை. அம்மாவுடையது 5,500, எங்களுடையது 13,800 என்று எழுதினேன். மூன்று மாதக் கழிவைச் சேர்க்காமல் பார்த்தால், மாதம் 139.20 வீதம் 17 மாதத்துக்கு 2,366.40 வருகிறது. நாளை சீட்டுக் காசு எடுக்கும் முறை என்னுடையது, அதையும் இவரிடம் சொல்லிவிட்டேன், ஜேர்னலிலும் எழுதிவிட்டேன். அம்மாவின் கடிதமும் பற்றுச்சீட்டும் பதிவுத் தபாலில் வந்துகொண்டிருக்கின்றன. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டுமா, அல்லது தமிழிலேயே கொடுத்தால் அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்களா என்று தொண்டர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆலோசனைத் தொண்டர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். அம்மாவின் மூலக் கடிதத்தை அப்படியே வையுங்கள், கூடவே ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துக் கொடுங்கள். மொழிபெயர்த்தவர் தன் பெயரையும் நாளையும் எழுதிக் கையொப்பமிடட்டும், அவர் உங்கள் குடும்பத்தைச் சேராதவராக இருந்தால் நல்லது. இரண்டின் பிரதியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் 1,500 பற்றியும் அம்மா உங்களிடம் சொன்னபடியே எழுதட்டும்.